அழிறப்பர் இல்லாத மேசை

யோகம் அக்காவின் மேசையில் அழிறப்பர், அதுதான் எழுத்தை அழிக்கிற ரப்பர், கிடையாது. ரொறன்ரோவில், ஸ்பாடைனா அவெனியூவில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்த சின்ன வரைபடக் கம்பனியில் அவளுக்கு வேலை. கூட வேலை செய்த எட்டுப் பேருக்கும் ஆளுக்கு இரண்டு அழிறப்பர் கொடுத்திருந்தார்கள். அக்கா தனக்குக் கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மேசை ஆடவில்லை.

அவள் கொழும்பில் நில அளவைத் திணைக்களத்தில் பதினொரு வருஷம் படம் கீறியவள். அங்கே ஒரு சட்டம் உண்டாம். காணி அளக்கப் போகிறவர் கையில் கொண்டுபோகும் புத்தகத்தில் எழுதிய எதையும் அழிக்கக் கூடாது. பிழை வந்தால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. கீழே என்ன இருந்தது என்று வாசிக்க முடிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, அதன் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும். பிழை விட்டவனுக்கு ஏச்சுத்தான் கிடைக்கும், அழித்தவனுக்கு வேலையே போகும்.

இந்தச் சட்டத்தை யோகம் அக்கா எங்கள் குளிர்பெட்டிக் கதவு வரைக்கும் கொண்டுவந்தாள். சாமான் பட்டியலில் "பால்" என்று எழுதியிருப்பாள். பால் இருக்கிறது என்று தெரிந்தால், அதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் யோ.ச. என்று கையெழுத்து. யோகாம்பிகை சபாநாதன். பாலுக்கெல்லாம் கையெழுத்தா என்று நான் சிரிப்பேன். "சிரி, சிரி. நாளைக்கு ஆர் வெட்டினது எண்டு கேட்டால் ஆள் இருக்கு" என்பாள்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மூக்காயி. இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மாவும் அங்கேதான் பிறந்தாள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் வீட்டில் நான் பிள்ளை பார்க்கிற ஆயா. துரைசாணி, அதாவது துரையின் மனைவி, என் பெயர் வாயில் நுழையவில்லை என்று மேரி ஆக்கி வைத்திருந்தாள். எழுபத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டில் அரசாங்கம் காணிச் சட்டம் கொண்டுவந்து தோட்டத்தை எடுத்தது. நவம்பருக்குள் துரை மூட்டை கட்டிக் கனடாவுக்குக் கிளம்பிவிட்டார். சாமான்களோடு சாமானாக நானும் வந்தேன்.

எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. நாற்பத்தெட்டில் போட்ட சட்டம் ஒன்றால் எங்கள் தோட்டத்து ஆட்கள் அந்த நாட்டுக்காரர் இல்லை என்று ஆகிப்போனது. இந்தியாவும் உடனே கையை நீட்டவில்லை. ஆகவே எனக்குக் கொடுத்தது ஒரு தாள். அதில் பெயர் இருந்தது, உயரம் இருந்தது, வலது கன்னத்து மச்சம் கூட இருந்தது. நாடு என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு போட்டிருந்தார்கள். விமானத்தில் வந்த அவ்வளவு நேரமும் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபம் நல்லது, குளிர் நாட்டில் அது உதவும்.

அடுத்த வருஷம், உள்ளே இருக்கிறவர்கள் பதிவு செய்துகொள்ளலாம் என்று கனடா அரசாங்கம் கொஞ்ச நாள் கதவைத் திறந்தது. நான் வரிசையில் நின்று பதிந்தேன். துரைசாணியிடம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

யோகம் அக்காவைப் பார்த்தது ஜெரார்ட் தெருப் பலசரக்குக் கடையில். மிளகாய்த்தூள் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "உதெல்லாம் மிளகாயே" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். தமிழ்ச் சத்தம் கேட்டு நான் திரும்பினேன். அவளுக்கு முப்பத்தெட்டு இருக்கும், எனக்கு முப்பத்து நாலு. ஐந்து நிமிஷத்தில் அவள் கேள்வி வந்தது.

"எவ்விடம் நீங்கள்?"

"நோர்வூட் பக்கமுங்க. தோட்டம்."

அவள் முகத்தில் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. ஆனால் அடுத்த வாக்கியத்தில் "நீங்கள்" போய் "நீ" வந்துவிட்டது. அவள் யாழ்ப்பாணம். அந்த ஊர் ஆட்கள் எங்களை இளக்காரமாகத் தோட்டக்காட்டார் என்பார்கள். அவள் வாயால் சொல்லவில்லை, நீ என்றதில் அது இருந்தது. நானும் விடவில்லை. அம்மா என்று கூப்பிட்டதெல்லாம் துரைசாணியோடு முடிந்தது, இவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அப்படியும் வெல்லஸ்லி தெருவில் ஒரு பதினாலாம் மாடி வீட்டை இரண்டு பேருமாக எடுத்தோம். தனியாக எடுக்க இருவருக்கும் வசதி இல்லை. முதல் மாதம் அவள் சட்டி வேறு, என் சட்டி வேறு. இரண்டாம் மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. அவள் தன் சட்டியில் கஞ்சி வைத்து வந்து வாயில் ஊட்டினாள். அதற்குப் பிறகு சட்டி ஒன்றாகிவிட்டது. "நீ" மட்டும் அப்படியே இருந்தது.

அவள் புருஷன் சபாநாதன் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளார்க். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவர்கள் சிங்களத்தில் சோதனை எழுதிப் பாஸ் பண்ண வேண்டும், இல்லையென்றால் சம்பள உயர்வு இல்லை என்று சட்டம் வந்தபோது அவர் எழுத மாட்டேன் என்று நின்றார்.

"அந்தாளுக்குச் சிங்களம் என்னைவிட நல்லாத் தெரியும்" என்பாள் அக்கா. "பேக்கரிக்காரனோட மணிக்கணக்காக் கதைப்பார். ஆனால் சோதினை எழுதி உங்களுக்குக் காட்டமாட்டன் எண்டு நிண்டவர். நிண்டு நிண்டு கடைசியில வீட்டில இருக்கிறார்."

சொல்லும்போது எரிச்சல் மாதிரி இருக்கும். உள்ளே பெருமைதான். ஜாடிக்கேற்ற மூடி.

கனடாவில் படம் கீறுகிற தொழிலுக்கு அப்போது மதிப்பு இருந்தது, கிளார்க் வேலைக்கு இல்லை. அதனால் எழுபத்து மூன்றில் அவள் முதலில் வந்தாள். அவர் ஊரை விட்டு வரமாட்டேன் என்று அதிலும் நின்றார். எழுபத்தைந்து முடியும்போது ஒரு கடிதம் வந்தது: சரி, வருகிறேன். அதை வாசித்த அன்றைக்கு யோகம் அக்கா அடுப்பில் பருப்பைக் கருகவிட்டாள். அவள் வாழ்க்கையில் கருகிய ஒரே பருப்பு அதுதான்.

அவரைக் கூப்பிடக் குடிவரவுக் கந்தோரில் ஒன்று கேட்டார்கள். இவளுக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி கைப்பட ஒப்பமிட்ட கடிதம். அது இருந்தால் புருஷன் வருவார், இல்லையென்றால் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

முதலாளி வெள்ளைக்காரர், பெயர் லோகன். நான் அவரை லோகன் துரை என்பேன். நல்ல மனுஷன்தான், ஆனால் அவசரக்காரர். அந்தச் சமயம் அவர் பள்ளிக்கூடங்களுக்கென்று சின்ன நாடுகளைப் பற்றிப் பன்னிரண்டு புத்தகங்கள் அச்சடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாட்டுக்கு ஒரு புத்தகம். உள்ளே நிலம், மக்கள், வருமானம், அரசாங்கம் என்று நாலு பகுதி, நடுவில் ஒரு வரைபடம். வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் அந்தந்த நாட்டில் பிறந்த ஒருவர் வாசித்து, சரி என்று ஒப்பமிட வேண்டும். அவர் பெயர் கடைசிப் பக்கத்தில் அச்சாகும்.

பதினோராவது புத்தகம் இலங்கை. "உன் நாட்டை நீயே பார். கையெழுத்துப் போடு. அன்றைக்கே உன் கடிதத்தை ரைப் பண்ணித் தருகிறேன்" என்று லோகன் சொன்னார். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுபத்தாறு மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை, அச்சுப்படியைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். நான் எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

முதலில் வரைபடப் பக்கம். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"மூக்காயி, இஞ்ச வா. யாழ்ப்பாணம் எங்க?"

பன்னிரண்டு புத்தகத்துக்கும் ஒரே அச்சு அமைப்பாம். படத்தின் மேல் பக்கத்தில் ஒரு பெட்டி. ரயில் பாதைக்கு இந்த அடையாளம், தேயிலைக்கு இந்த அடையாளம், ரப்பருக்கு இந்த அடையாளம் என்று அதில் இருக்கும். மற்ற நாடுகளுக்கு அந்தப் பெட்டி கடலிலோ பக்கத்து நாட்டிலோ விழுந்திருக்கிறது. இலங்கைக்கு அது யாழ்ப்பாணத்துக்கு மேல் விழுந்துவிட்டது. குடாநாட்டு வாசலான ஆனையிறவுக்கு வடக்கே நாடே இல்லை. அவள் பிறந்த இடத்தில் ரப்பர் மரத்தின் அடையாளம் நின்றது. அங்கே ஒரு ரப்பர் மரம் கூடக் கிடையாது.

பிறகு எழுத்தை வாசித்தாள். வடக்குப் பகுதி வறண்டது, விளைச்சல் அற்றது என்று ஒரு வரி.

"விளைச்சல் இல்லையாம். ஆறு இல்லைத்தான். கிணத்தைத் தோண்டி, தண்ணியை இறைச்சு இறைச்சு, சுண்ணாம்புக்கல்லுக்கு மேல வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கிற சனம். இறக்குமதியை நிப்பாட்டின பிறகு முழு நாடும் எங்கட மிளகாயைத்தானே தின்னுது." ஒரு கோடு. பக்கத்தில் நாலு வரி. யோ.ச.

அடுத்து மக்களைப் பற்றிய பகுதி. அங்கே இருந்தது இது: தமிழர்கள் நூறு வருஷத்துக்கு முன் தேயிலை பறிக்க இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலியாட்கள்.

அக்காவின் மூக்கு சிவந்தது. "விசர்க் கதை. நாங்கள் கூலியாட்களாம்." பேனை கடதாசியில் கீறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்த வரி முழுவதையும் வெட்டினாள். மேலே எழுதினாள்: தமிழர் இத்தீவின் வடக்கிலும் கிழக்கிலும் மிகப் பழங்காலம் முதல் வாழ்பவர்கள். யோ.ச.

நான் கீரையைக் கீழே வைத்தேன். "என்ன வெட்டுனீங்க, என்ன எழுதுனீங்க? இன்னொருக்கா வாசிங்கக்கா."

வாசித்தாள்.

"அப்ப நாங்க எங்க?"

"நீங்களோ?" அவள் தலை நிமிரவில்லை. "நான் பிழையைத்தானே வெட்டினனான்."

"நாங்க பிழையா?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். எனக்கு வாயை அடக்கத் தெரியாது. அன்றைக்கு அடக்க நினைக்கவும் இல்லை.

"கொழுந்து பறிச்சது நாங்க. அந்த நாட்டுக்கு வெளியூர்ல இருந்து வர்ற காசுல ஏறக்குறையப் பாதி தேயிலைக் காசு, அந்தப் புத்தகத்துலயே போட்டிருக்கான். உங்க திணைக்களமும் உங்க வீட்டுக்காரர் கச்சேரியும் அந்தக் காசுலதான ஓடுச்சு? எங்களுக்கு ஓட்டு இல்ல, நாடு இல்ல. அஞ்சேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புறேன்னு ரெண்டு கெவர்மென்டும் ஆட்டுக்குட்டி மாதிரி பங்கு போட்டாங்க. எழுவத்து நாலு பஞ்சத்துல எங்க லயத்து வீடுகள்ல மூனு பேரு பட்டினியில செத்தாங்க. அதுல ஒருத்தி எங்க சின்னாயி, அம்மாவோட தங்கச்சி. இதெல்லாம் நாட்டைப் பத்தின புத்தகத்துல வராதா?"

"நான் அதைச் சொல்லேல்லை, மூக்காயி."

"உங்கள வெள்ளக்காரன் பெட்டி வச்சு மறச்சான், தெரியாமச் செஞ்சான். எங்கள நீங்க கோடு போட்டு அடிச்சீங்க. கையெழுத்தும் போட்டிருக்கீங்க. யார் வெட்டுனதுன்னு கேட்டா ஆளு இருக்கு."

கீரையை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனேன். அன்றைக்கு நல்ல குளிர். பார்லிமென்ட் தெருவில் மேலும் கீழும் நடந்தேன். அவள் ஊட்டிய கஞ்சியும் நினைவுக்கு வந்தது, அதனால் கோபம் கூடத்தான் செய்தது. யாரோ செய்தால் வலிக்காது.

ஐந்து நாள் பேச்சு இல்லை. சட்டி மறுபடி இரண்டானது. புதன்கிழமை ஊரிலிருந்து நீலக் கடிதம் வந்தது. அவள் வாசித்துவிட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் வாசிக்கட்டும் என்றுதான் வைத்தாள். சபாநாதன் எழுதியிருந்தார்: கனடாக் குளிருக்கென்று தையற்காரனிடம் படத்தைக் காட்டி ஒரு கோட்டுத் தைப்பித்திருக்கிறேன். பின்னேரங்களில் போட்டுப் பார்க்கிறேன், வியர்த்துக் கொட்டுகிறது, பக்கத்து வீட்டார் சிரிக்கிறார்கள். கடிதம் எப்போது கிடைக்கும்?

மூன்று வருஷம் தனியாக இருந்த மனுஷன் முற்றத்து வெயிலில் கம்பளிக் கோட்டோடு நிற்பதை நினைத்தேன். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் குறையவில்லை. அவர்மேல் இரக்கம் வந்தது. இரண்டும் சேர்ந்து இருக்க முடியும்.

வியாழக்கிழமை மாலை நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், அக்கா அச்சுப்படியை விரித்து வைத்துக்கொண்டு இருக்கிறாள். எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டிருந்தது.

"இரும்" என்றாள். "நான் செய்தது பிழை. எங்களைக் கூலி எண்டு சொல்லிப்போட்டாங்கள் எண்ட கோவத்தில உம்மை வெட்டிப்போட்டன். கூலி எண்டால் ஏன் எனக்குக் கோவம் வரவேணும் எண்டும் யோசிச்சுப் பாத்தன். வெக்கமாக் கிடக்கு. அழிக்கேலாது. வெட்டிப்போட்டு எழுதுவம். நீர் சொல்லும், நான் எழுதிறன்."

தான் எழுதிய வரிமேல் ஏற்கெனவே ஒரு கோடு போட்டிருந்தாள். பக்கத்தில் யோ.ச. நீ போய், மரியாதையில் ஒரு படி மேலான நீர் என்று அவள் என்னைச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு பேருமாக எழுதினோம். அந்த நாட்டில் தமிழர் இரண்டு வகையாக இருக்கிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் பழங்காலம் முதல் இருப்பவர்கள். மலைநாட்டுத் தோட்டங்களில் மூன்று நாலு தலைமுறையாக உழைப்பவர்கள். நாட்டின் ஏற்றுமதியில் ஏறக்குறையப் பாதி இவர்கள் கையால் வருகிறது, இவர்களில் பெரும்பாலானோருக்கு வாக்கு இல்லை. சிங்களம் மட்டும் அரசமொழி என்பதையும் அரசாங்கம் என்ற பகுதியில் சேர்த்தாள். அது சபாநாதனுக்காக. அவள் இங்கிலீஷில் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினாள். "பெரும்பாலானோருக்கு" என்ற சொல்லை நான் போடச் சொன்னேன். எல்லாருக்கும் என்றால் அது பொய், கொஞ்சப் பேருக்குக் கிடைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை அதை லோகனிடம் கொடுத்தாள். அவர் தலையில் கை வைத்தார். பெட்டியை நகர்த்தினால் பன்னிரண்டு புத்தகத்தின் அமைப்பும் கெடும், வரிகள் கூடினால் பக்கம் கூடும், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு விவரம் எதற்கு. அச்சடித்திருந்தபடியே ஒப்பமிடு, இல்லையென்றால் கடிதம் இல்லை என்றார்.

"பிழையான தாளில நான் ஒருநாளும் கையெழுத்து வச்சதில்லை" என்று சொல்லிவிட்டு அக்கா தன் மேசையில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் வாய் தவறி ஒன்றைச் சொல்லியிருந்தாள். தோட்டத்து விவரமெல்லாம் தன்னோடு இருக்கிறவள் தந்தது, அவளும் அந்த நாட்டில் பிறந்தவள் என்று. லோகன் மூளை அதைப் பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்னை வரச் சொல்லி ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணினார்.

போனேன். சலவைக்கூடத்து உடுப்போடுதான் போனேன். மேசையில் இரண்டு தாள் வைத்திருந்தார். ஒன்று அச்சுப்படி, புதிதாக எடுத்த பிரதி, அக்காவின் கோடு ஒன்றும் இல்லை. கீழே நான் ஒப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி. மற்றது அக்காவின் கடிதம், நிரந்தர வேலை, ரைப் பண்ணி முடிந்தது. நீ இதில் போடு, நான் அதில் போடுகிறேன் என்றார். பேனையையும் நீட்டினார்.

"வாசிச்சுட்டுத்தான்" என்றேன். துரைசாணியின் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாசித்து வாசித்து வந்த இங்கிலீஷ் எனக்கு. அது போதும்.

வாசித்தேன். தமிழர்கள் தேயிலை பறிக்க வந்தவர்கள். அந்தத் தாளில் நான் இருந்தேன், யோகம் அக்கா இல்லை. அவள் ஊருக்கு மேல் கறுப்புப் பெட்டி. பழி வாங்க நினைத்தால் அதைவிட நல்ல நாள் வராது. பழி வாங்கிய மாதிரியும் இருக்கும், அவள் புருஷனைக் கூப்பிட்டுக் கொடுத்த மாதிரியும் இருக்கும்.

லோகன் துரைக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. நீ அந்த நாட்டுப் பிரஜைதானே என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். "நான் பிறந்தது அங்கே. என் அம்மா பிறந்ததும் அங்கே. அந்த அரசாங்கம்தான் இல்லை என்கிறது."

அவருக்கு அவசரம். பிறந்தால் போதும், பிறந்தவள் என்றால் அந்த நாட்டுக்காரிதான், நிபந்தனையில் அப்படித்தான் இருக்கிறது என்று கையை ஆட்டினார். முப்பத்தாறு வயதில் முதன்முதலாக ஒரு மனுஷன் அதை என் முகத்துக்கு நேரே சொல்கிறான், அதுவும் தன் காரியம் ஆக வேண்டும் என்பதற்காக.

திரும்பி அக்காவைப் பார்த்தேன். அழிறப்பர் இல்லாத அந்த மேசையில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாள். முகத்தைத் திருப்பாமலே தமிழில் சொன்னாள். "உமக்கு விருப்பமெண்டால் போடும், மூக்காயி. நான் குறை நினைக்கமாட்டன்."

சபாநாதனின் கோட்டு என் கண் முன்னால் வந்தது. போட்டுவிடலாம் என்றுதான் பேனையை எடுத்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தை அந்தப் பக்கம் வைத்திருந்தது, நான் போடுவதைப் பார்க்காமல் இருக்க. பார்க்கக் கூடாத ஒன்றைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

தமிழர் என்று தொடங்கிய வரிமேல் ஒரே ஒரு கோடு போட்டேன். கீழே இருப்பது வாசிக்கக்கூடியதாக. வியாழக்கிழமை எழுதியதை மனதிலிருந்து எடுத்து மேலே எழுதினேன். எழுத்துப் பிழை இருந்திருக்கும். பக்கத்தில் மூ.க. என்று போட்டேன். மூக்காயி கருப்பையா. வரைபடப் பக்கத்தைத் திருப்பிப் பெட்டியின் மேலும் ஒரு கோடு, மூ.க.

"இரண்டு பேரும் நாட்டில் இருக்க வேண்டும்" என்று லோகனிடம் சொன்னேன். "இருந்தால் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். ஒருத்தி மட்டும் போட மாட்டோம்."

அவர் கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பத்து நாள் அவர் வேறு ஆள் தேடினார். எழுபத்தாறில் ரொறன்ரோவில் அந்த நாட்டு ஆளைத் தேடிப் பிடிப்பது லேசில்லை, பிடித்தாலும் தெரியாத தாளில் பெயர் போட எல்லாரும் தயங்கினார்கள். வாங்குகிறவர்கள் கொடுத்த தவணை முடியப்போனது. கடைசியில் பெட்டி வங்காள விரிகுடாவுக்குப் போனது. யாழ்ப்பாணத்தைக் கீறச் சொல்லி அக்காவிடமே கொடுத்தார். ஒரே நாளில் கீறினாள். கடல் நீரேரிகள், தீவுகள், ஒன்று விடவில்லை. எங்கள் வரிகளும் கொஞ்சம் சுருங்கி உள்ளே வந்தன. இரண்டு பேரும் ஒப்பமிட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். எனக்குப் படம் கீறுகிற ஆள் வேண்டும், வாதாடுகிற ஆள் வேண்டாம் என்றாராம். கடிதமும் கொடுத்தார். யோகாம்பிகை சபாநாதன் இன்று வரை இங்கே வேலை செய்தார் என்று இரண்டு வரி. அதைக் குடிவரவுக் கந்தோரில் கொடுத்து என்ன பயன்.

நான் அவளை வீதி மூலையில் காத்திருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். ஸ்ட்ரீட்காரில் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். "இதில வெட்ட ஒண்டுமில்லை. உண்மைதானே" என்றாள். பிறகு அத்தனை பேருக்கும் நடுவில் அழுதாள். நானும் அழுதேன். நான் கையெழுத்துப் போட்டிருந்தால் சபாநாதன் வந்திருப்பார் என்று நான் சொன்னதற்கு, "வந்து அந்தப் புத்தகத்தைப் பாத்தால் திரும்பிப் போயிருப்பார். உமக்கு அந்தாளைத் தெரியாது" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் படம் கீறவில்லை. ஸ்காபரோவில் ஒரு காட்போட் பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்தாள். வீட்டிலிருந்து இரண்டு பஸ். பெட்டி மடிக்கிற கை பெட்டிதான் மடிக்கும், கோடு போட இடமில்லை என்று சிரிப்பாள். சிரிப்பில் வலி இருக்கும், அதை மறைக்கவும் மாட்டாள். நிரந்தர வேலைக் கடிதம் வாங்க அங்கே பத்து மாதம் ஆனது.

சபாநாதன் எழுபத்தேழு ஒக்டோபரில் வந்தார். அந்த ஆகஸ்டில் ஊரில் தமிழர்களுக்கு அடி விழுந்திருந்தது. வடக்கத்தி ஆளா, தோட்டத்து ஆளா என்று அடித்தவர்கள் கேட்கவில்லை. விமான நிலையத்தில் மெல்லிய குளிர்தான், அவர் கோட்டுக்குப் பொத்தான் எல்லாம் பூட்டிக்கொண்டு வந்தார். கை கொஞ்சம் நீளம். என்னைப் பார்த்ததும் கை கூப்பி, "நீங்கள்தானே மூக்காயி. உங்கட கையெழுத்தைப் பாத்தனான்" என்றார். அக்கா புத்தகத்தை அவருக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். பிறகு மல்வேர்னில் வரிசை வீடு ஒன்று எடுத்தார்கள். மேல் அறை எனக்கு. கால் ஆடுகிற மேசையும் கூடவே வந்தது, அடியில் அந்த அழிறப்பரோடு.

எழுபத்தெட்டில் நான் கனடாப் பிரஜையாக விண்ணப்பித்தேன். கந்தோருக்கு அக்காவும் கூட வந்தாள். அலுவலர் ஒரு இளம் மனுஷன், மரியாதையாகப் பேசினான். என் பழைய தாளைப் பார்த்தான், நாடு என்ற இடத்தில் கோடு. தன் படிவத்தில் முந்தைய நாடு என்ற இடத்தில் நாடற்றவர் என்று ரைப் அடித்தான்.

நான் கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். அச்சில் இருந்தது: இந்நாட்டில் பிறந்தவர்களான யோகாம்பிகை சபாநாதன், மூக்காயி கருப்பையா ஆகியோரால் சரிபார்க்கப்பட்டது. அவன் இரண்டு தடவை வாசித்தான். எந்த அரசாங்கமும் தந்த தாள் இல்லை அது, அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சட்டப்படி மாற்ற முடியாது என்று ஏதோ தொடங்கினான். நான் எழுந்திருக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டது. அப்போதும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் அவன் பெருமூச்சு விட்டு, எழுத்தை மறைக்கிற வெள்ளை மைக் குப்பியைத் திறந்தான்.

"வேண்டாம்" என்றேன். "அழிக்காதீங்க. அது மேல ஒரு கோடு போடுங்க. கீழ இருக்கிறது தெரியணும். பக்கத்துல நாட்டுப் பெயரை எழுதி, உங்க கையெழுத்தையும் போடுங்க."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் ஓம் என்று தலையாட்டினாள். அவன் குப்பியை மூடிவிட்டுப் பேனையை எடுத்தான்.